முற்றத்து நெருப்பு

என் நண்பர் கர்னலுக்குச் சென்ற டிசம்பரிலிருந்து இரண்டு மாதம் புருவம் இல்லை. யுத்தம் எதுவும் நடக்கவில்லை. பீம்தாலில் தன் வீட்டு முற்றத்தில், பேரனுக்கு வேடிக்கை காட்டுவதற்காகக் குமிழைத் திருகி லைட்டரைத் தட்டினார். 'டம்' என்று ஒரு சத்தம். மேடையின் மேல் பதித்திருந்த ஸ்லேட் பலகைகளில் ஒன்று எழும்பிப் பறந்து, புல்தரையைத் தாண்டி ரோஜாப் பாத்தியில் விழுந்தது. பேரன் அந்த நிமிஷம் பால் குடிக்க உள்ளே போயிருந்தான். அவன் உட்கார்ந்திருந்த மூங்கில் நாற்காலிக்கும் பலகை போன பாதைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. அந்த நெருப்பு மேடைக்குப் படம் போட்டுக் கொடுத்தவன் நான்.

கர்னலும் நானும் கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரியில் ஒரே அறை. அவர் சிவில், நான் மெக்கானிக்கல். அவர் ராணுவத்துக்குப் பாலம் கட்டப் போனார். நான் பாய்லர் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று மலையில் வீடு கட்டிக்கொண்டவர் ஒரு நாள் போன் செய்தார். "முற்றத்தில் காஸில் எரியும் கணப்பு ஒன்று வேண்டும். நீதானே நெருப்புக்காரன், வரைந்து அனுப்புடா." அனுப்பினேன். ஒரே ஒரு காகிதம். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. மேடையின் அடியில் எதிரெதிராக நான்கு ஓட்டைகளும் போட்டிருந்தேன். அவை எதற்கு என்று மட்டும் எழுதவில்லை.

ஓட்டை விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், இந்தக் கணப்பு என்கிற சமாசாரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. வாசகர்களில் சிலர் வீட்டிலாவது இது வரப்போகிறது.

வெளியே உட்கார்ந்து குளிர்காய்வது நமக்குப் புதிதல்ல. பஞ்சாபில் ஜனவரி நடுவில் லோரி. அதே வேளையில் தமிழ்நாட்டில் போகி. டெல்லிக் குளிர்காலத்தில் தெருமுனைக்கு ஓர் அங்கீட்டி. அதைச் சுற்றி நாலு பேர், ஒரு நாய். அதையே வீட்டின் ஓர் அறை மாதிரிக் கட்டுவதுதான் புதிது. இது அமெரிக்கர்களின் யோசனை. கலிபோர்னியா, டெக்சாஸ் வீடுகளில் பின்பக்கத்து முற்றத்தைச் சுவரில்லாத கூடமாக நினைத்து, சோபா போட்டு, அடுப்பு மேடை கட்டி, நடுவில் காஸ் கணப்பையும் வைக்கிறார்கள். சாம்பல் அள்ள வேண்டாம். புகை கண்ணைக் கரிக்காது. படுக்கப் போகும்போது குமிழைத் திருப்பினால் அணைந்துவிடும். குருகிராம் பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கும், ராணிக்கேத் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ச் சேரும் குமாவுன் மலை வீடுகளுக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

விறகை விட்டுவிட நியாயமான காரணங்களும் இருக்கின்றன. டெல்லியில் காற்று கெடக் கெடப் படிப்படியாக அமலாகும் கட்டுப்பாட்டுத் திட்டம் 2017-ல் வந்தது. திறந்த வெளியில் குப்பையும் விறகும் எரிக்கக் கூடாது என்பது அதில் ஓர் அம்சம். காவலாளிகள் தீ மூட்டாமல் இருக்க அவர்களுக்கு மின்சார ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள் என்று குடியிருப்போர் சங்கங்களுக்கு அது சொல்கிறது. மலையில் கவலை வேறு. தரையெங்கும் சீர் பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலை, 'பிரூல்' என்கிறார்கள். விறகிலிருந்து ஒரு பொறி பறந்தால் சரிவே பற்றிக்கொள்ளும். காஸ் தீயில் அப்படிப் பொறி பறப்பதில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். சமையலறையில் காஸ் தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் பாத்திரத்தின் அடி கறுக்கிறது. பர்னர் துளைகளை ஊசியால் குத்துகிறோம், மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். முற்றத்துக் கணப்பு வாங்குபவரோ அந்த மஞ்சளுக்குத்தான் காசு கொடுக்கிறார். நீலத் தீயைச் சுற்றி உட்கார்ந்து யாரும் பழங்கதை பேசுவதில்லை.

இரண்டும் ஒரே காஸ். வித்தியாசம் காற்றில் இருக்கிறது. அடுப்பில் காஸ் பர்னருக்குப் போகும் வழியிலேயே ஏராளமான காற்றை இழுத்துக் கலந்துகொண்டு போகிறது. கணப்பில் அந்தக் கலப்பை வேண்டுமென்றே குறைக்கிறார்கள். காஸில் உள்ள கார்பன் முழுதாக எரிவதற்குள் நுண்ணிய கரித்துகள்களாகத் திரண்டு, சூட்டில் ஒளிர்கிறது. நாம் பார்க்கும் மஞ்சள் அதுதான். குத்துவிளக்குச் சுடரிலும் நடப்பது இதே. துகள்கள் சுடரின் நுனிக்குள் எரிந்து தீர்ந்தால் அழகு. தீராமல் வெளியே போனால் வெள்ளைச் சுவரில் கரி.

எனவே காற்றைக் குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. குழாய் மூலம் வரும் காஸ் பெரும்பாலும் மீத்தேன். அதன் மூலக்கூறில் ஒரே ஒரு கார்பன். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும். முதலாவதில் மூன்று கார்பன், இரண்டாவதில் நான்கு. கரி விடும் சுபாவம் இதற்கு அதிகம். ஆகவே சிலிண்டரில் எரியும் கணப்பில், பர்னருக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் துளையிட்ட சிறு குழாய்த் துண்டு ஒன்று இருக்க வேண்டும். காஸ் வேகமாகப் போகும்போது அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் காற்றையும் இழுத்துக்கொள்ளும். காசை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் வெட்டுவது இந்தத் துண்டைத்தான்.

மஞ்சள் தீ வெறும் ஷோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அறைக்குள் சூடான காற்று சுற்றிச் சுற்றி வந்து நம்மைத் தொடும். திறந்த வெளியில் அது நேராக வானத்துக்குப் போய்விடும். நம்மை வந்தடைவது கதிராக வீசும் வெப்பம் மட்டுமே. ஒளிரும் கரித்துகள் அதை நன்றாக வீசுகிறது. நீலத் தீ அவ்வளவு வீசுவதில்லை. ஓட்டல் புல்தரைகளில் நிற்கும் குடை போன்ற ஹீட்டர்களில் ஓர் உலோக வலையைச் சிவக்கச் சிவக்கச் சுடவைப்பதும் இதற்காகத்தான்.

கதிர்வீச்சை நம்பிக் கணப்பின் வடிவத்தையே மாற்றியவர் கவுண்ட் ரம்ஃபோர்ட். 1753-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பெஞ்சமின் தாம்சன் என்ற பெயரில் பிறந்தவர். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்றதால் ஊரை விட்டுப் போக நேர்ந்து, பவேரியாவில் பிரபுப் பட்டம் வாங்கியவர். 1796-ல் கணப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவரை லண்டன் வீடுகளில் கணப்பு என்றால் சுவருக்குள் ஓர் ஆழமான பெட்டி. ரம்ஃபோர்ட் அதன் ஆழத்தைக் குறைத்தார். பின்சுவரை முன்வாயின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினார். பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 டிகிரி கோணத்தில் விரித்துவிட்டார். புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினார். புகை மேலே போயிற்று. சூடு அறைக்குள் வந்தது.

முற்றத்தில் கட்டுபவருக்கும் இது பாடம். நடுவில் வட்டக் குழியாக வைத்தால் எல்லாப் பக்கமும் உட்காரலாம். சூட்டில் பெரும்பங்கு ஆளில்லாத திசைகளுக்கும் வானத்துக்கும் போகும். காற்று வரும் பக்கத்தில் ரம்ஃபோர்ட் மாதிரி விரிந்த சுவர் எழுப்பி, அதன் முன்னால் தீயை வைத்தால் காற்று தடுக்கப்படும்; சுவரும் சூடேறி நம் பக்கம் வீசும். அழகுக்குக் குழி, குளிருக்குச் சுவர். கர்னலுக்குக் குழிதான் வேண்டியிருந்தது. எல்லோரும் சுற்றி உட்கார வேண்டுமாம். ஒரு மீட்டர் விட்டத்தில், உட்கார்ந்தால் முழங்கால் உயரத்துக்கு வருகிற மாதிரி, உள்ளே வெற்றிடம் விட்ட கல் மேடை. அதன் நடுவில் எஃகுத் தட்டு. தட்டில் பர்னர் வளையம் என்று வரைந்தேன்.

இப்போது கணக்கு. இத்தகைய கணப்புகளை மணிக்கு 60,000 பி.டி.யு. என்று சொல்லி விற்கிறார்கள். கிலோவாட்டில் சொன்னால் ஏறக்குறைய 18. இரண்டு கிலோவாட் கெய்சர் ஒன்பதை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 12.8 கிலோவாட் மணி வெப்பம் கிடைக்கும். ஆக மணிக்கு 1.4 கிலோ காஸ். வீட்டில் சமைக்கும் 14.2 கிலோ சிலிண்டர் பத்து மணி நேரம் வரும். நாலு பேர் குடும்பத்தின் ஒரு மாதச் சமையல் மூன்று இரவு அரட்டையில் தீர்ந்துவிடும்.

வீட்டுச் சிலிண்டரை இதற்குத் தொடவும் கூடாது. சமையலுக்கென்று தரப்படுவதை வேறு காரியத்துக்குத் திருப்புவதை 2000-ம் ஆண்டின் எல்.பி.ஜி. விநியோக ஆணை தடுக்கிறது. கர்னல் சட்டத்தை மதிப்பவர். 19 கிலோ வர்த்தகச் சிலிண்டர் வாங்கினார்.

நவம்பர் கடைசியில் போன் வந்தது. "முதல் அரை மணி ஜோராக எரிகிறது. அப்புறம் தீ சுருங்கிவிடுகிறது. பாதி சிலிண்டர்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறான், திருட்டுப் பயல்." சிலிண்டரின் வெளிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கீழ்ப்பாதியில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது என்றார். நிரப்பியவன்மேல் தவறில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். மணிக்கு 1.4 கிலோ ஆவியாகச் சுமார் 150 வாட் தேவை. அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் சிலிண்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். மே மாதச் சென்னையில் தாராளமாக எடுக்கும். மலைக் குளிரில் எடுக்க முடியாமல் திரவமே மேலும் மேலும் குளிர்ந்து போகிறது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் ஜாதி. பியூட்டேனோ ஏறக்குறைய மைனஸ் அரை டிகிரியில்தான் கொதிக்கும். நம் சிலிண்டர்களில் இரண்டும் கலந்திருக்கும். புரொப்பேன் முந்திக்கொண்டு கிளம்பிவிடும். பியூட்டேன் அடியில் சோம்பி உட்கார்ந்துவிடும். குளிர்ப் பிரதேசத்துக்குக் கணப்பு வாங்குபவர் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். சின்ன பர்னர் வாங்க வேண்டும். அல்லது சுமையைப் பகிர்ந்துகொள்ள இரண்டு, மூன்று சிலிண்டர்களை முறையாக இணைக்க வேண்டும்.

"வெந்நீர் ஊற்றினால் என்ன?" என்று கேட்டார். கூடாது என்றேன். "தீயின் பக்கத்தில் நகர்த்தி வைத்தால்?" அதை அவர் கேட்டதாகவே நான் எழுதக் கூடாது, ஆனால் கேட்டார். மலை வீடுகளில் பலர் கேட்கிறார்கள், சிலர் செய்தும் பார்க்கிறார்கள். சிலிண்டர் திறந்த வெளியில், சம தரையில், நிமிர்ந்து, தீயிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். குழியிலும் நிலவறையிலும் வைக்கக் கூடாது. அதிலிருந்து கணப்புக்கு உலோகக் குழாய் போக வேண்டும். ரப்பர் ஹோஸைப் புல்லுக்கடியில் புதைத்துக் கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம். கர்னல் தீயைப் பாதியாக்கிக்கொண்டார். ஒழுங்காக எரிந்தது. எனக்கும் திருப்தி. ஓட்டைகளைப் பற்றி நான் கேட்கவில்லை.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை. குழாயில் வரும் காஸ் காற்றைவிட லேசு. ஏறக்குறையப் பாதி எடைதான். கணப்பு கட்டுபவருக்கு இந்த வித்தியாசத்தைவிட முக்கியமான விஷயம் எதுவும் இல்லை. குழாய் காஸ் கசிந்தால் மேலே போகும். சிலிண்டர் காஸ் கசிந்தால் தண்ணீர் மாதிரி கீழே வழிந்து, பள்ளம் கண்ட இடத்தில் தேங்கும். மேடைக்குள் விட்ட வெற்றிடம் ஒரு தொட்டி மாதிரி. அதில் தேங்கினால் வெளியேற வழி வேண்டும். ஆகவே சிலிண்டர் காஸ் என்றால் தரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் ஓட்டைகள். ஒரு பக்கம் காற்று நுழைய, மறு பக்கம் காஸ் வெளியேற. குழாய் காஸ் என்றால் மேல் விளிம்பை ஒட்டியும் ஓட்டைகள். ஓட்டை என்றால் பென்சில் நுழையும் அளவு அல்ல. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவாவது இருக்க வேண்டும்.

நான் வரைந்த நான்கு ஓட்டைகள் இவைதான்.

மேடை கட்டிய மிஸ்திரி நல்ல வேலைக்காரர். ஓட்டைகளைப் பார்த்தார். எலி போகும், மழைத் தண்ணீர் போகும் என்று நினைத்தார். மேடையைக் கட்டி முடித்த பிறகு, தனிக் கூலிகூடக் கேட்காமல், நான்கையும் அடைத்து மேலே அதே நிறக் கல் பதித்துவிட்டார். கர்னல் வந்து பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று முதுகில் தட்டிக் கொடுத்திருக்கிறார். இருவரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று மாலை காற்று அசையவில்லை. கர்னல் முதலில் காஸைத் திறந்தார். பிறகு லைட்டரைத் தட்டினார். பொறி வரவில்லை. மறுபடி தட்டினார். பாட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்டார். மறுபடி தட்டினார். ஏறக்குறைய மூன்று நிமிஷம். முழு வேகத்தில் மூன்று நிமிஷத்துக்கு 70 கிராம் காஸ். அதில் மூன்றில் ஒரு பங்கு தட்டின் ஓரத்து இடுக்கு வழியாக மேடைக்குள் இறங்கியிருந்தாலும், சுமார் 10 லிட்டர் ஆவி. மேடையின் வெற்றிடம் 350 லிட்டர். ஆக நூற்றுக்கு மூன்று பங்கு. எல்.பி.ஜி. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கிலிருந்து ஒன்பது பங்கு வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். கணக்கு கச்சிதமாகச் சரியாக இருந்தது. அடுத்த பொறி வந்தது.

காஸ் கசிந்தால் நாறுமே என்று கேட்பீர்கள். நாறும். அதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் கர்னலின் மூக்கு ஐந்தரை அடி உயரத்தில் இருந்தது. காஸ் அவர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

ஓட்டை ஒரு காவல் என்றால், இன்னொரு காவலும் இருந்திருக்க வேண்டும். அவர் டெல்லியில் வாங்கிய பர்னரில் அது இல்லை. தீ பக்கத்தில் ஒரு சிறு உலோக விரல் நீட்டிக்கொண்டிருக்கும். தெர்மோகப்பிள் என்று பெயர். இரு வேறு உலோகங்களை இணைத்து அந்த முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்று 1821-ல் ஜெர்மானியர் சீபெக் கண்ட விளைவுதான் இது. வருவது சில பத்து மில்லிவோல்ட். டார்ச் பல்பு எரிய அது போதாது. ஒரு சிறு மின்காந்தம் காஸ் வால்வைத் திறந்தே பிடித்திருக்கப் போதும். காற்றடித்துத் தீ அணைந்தால் விரல் ஆறும், மின்சாரம் நிற்கும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், பாட்டரி வேண்டாம், மனிதனின் ஞாபகமும் வேண்டாம். காற்று வீசும் முற்றத்தில் இது இல்லாத கணப்பை வாங்கவே கூடாது. சமையலறை அடுப்பாவது யாராவது பார்த்துக்கொண்டிருக்க எரிகிறது. முற்றத்துத் தீ, எல்லோரும் உள்ளே சாப்பிடப் போன பிறகும் எரிகிறது.

பற்றவைப்பதிலும் ஒரு முறை உண்டு. நீளமான லைட்டரின் சுடரைப் பர்னர் பக்கம் கொண்டுபோன பிறகே காஸைத் திறக்க வேண்டும். நாலைந்து விநாடியில் பற்றவில்லையானால் மூடிவிட்டு, ஐந்து நிமிஷம் விலகி நிற்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷம் யாருக்கும் பிடிப்பதில்லை. கர்னலுக்கு இப்போது பிடிக்கிறது.

இன்னும் மூன்று சங்கதிகள். பர்னரை மூட ஆற்றங்கரைக் கூழாங்கல்லைப் போடுகிறார்கள். கௌலா நதிக் கற்கள் பார்க்க லட்சணமானவை. ஆனால் நுண்துளைகளில் நீர் தங்கிய கல் சூடானால், நீர் ஆவியாகிக் கல்லைப் பிளந்து எறியும். எரிமலைக் கல்லோ, இதற்கென்றே செய்த பீங்கான் கட்டைகளோதான் சரி. அவையும் மழையில் நனைந்திருந்தால், முதலில் சின்னத் தீயில் காய வேண்டும்.

இரண்டாவது, டெல்லி, மும்பை வாசகர்களுக்கு. வீட்டுக்குக் குழாய் காஸ் வந்தபோது, இணைப்புக் கொடுக்க வந்தவர் அடுப்பின் ஜெட்டை மாற்றியது நினைவிருக்கும். ஒரே கன அளவில் குழாய் காஸின் வெப்பம் சிலிண்டர் காஸில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அதற்குப் பெரிய துளை. குழாய் காஸுக்கென்று செய்த கணப்பை வாங்கிச் சிலிண்டரில் மாட்டினால், பெரிய துளை வழியாக வீரியமான காஸ் வரும். தீ ஆள் உயரம் எழும்பும். எந்தக் காஸுக்குச் செய்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மூன்றாவதுதான் உயிர் குடிப்பது. வெளியே வைப்பதை வெளியே வையுங்கள். முற்றத்தில் கணப்பு வைத்தவர்கள், குளிர் அதிகமானதும் நாலு பக்கமும் பிளாஸ்டிக் திரை தொங்கவிடுகிறார்கள். அப்புறம் மேலே கூரை. சுவரில்லாத கூடம் பிளாஸ்டிக் சுவர் வைத்த அறையாகிவிடுகிறது. தீக்குக் காற்று போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. கதவைச் சாத்தி அங்கீட்டியோடு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை வடநாட்டுப் பத்திரிகைகளில் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். காஸ் தீயும் மூடிய இடத்தில் அதே வேலையைச் செய்யும்.

இவ்வளவையும் படித்த பிறகு, இது நமக்குத் தேவையா என்ற கேள்வி எழுந்தால் அது நல்ல கேள்வி. வானத்தைச் சூடாக்குவது வீண் என்று முடிவு செய்து, பிரான்ஸ் 2022-ல் சாலையோர ஓட்டல்களின் திறந்தவெளி ஹீட்டர்களுக்குத் தடை போட்டது. நம் நாட்டில் எரியும் எல்.பி.ஜி.யில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2016-ல் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற எத்தனையோ பெண்கள், அடுத்த சிலிண்டருக்குக் காசு சேரும்வரை காஸைச் சிக்கனப்படுத்தி விறகும் சேர்த்து எரிக்கிறார்கள். கர்னல் வீட்டுக்குக் கீழேயே அப்படி ஒரு கிராமம். அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவரே சொன்னார். இப்போது பாதித் தீயில், வாரத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார். ராணுவம் கற்றுத் தந்த ரேஷன். மற்ற நாட்களில் கம்பளி.

பிப்ரவரியில் நானே பீம்தாலுக்குப் போனேன். மேடையைப் பிரித்துவிட்டு, மறுபடி கட்ட அதே மிஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த முறை காகிதத்தில் நான்கு ஓட்டைகளுக்கும் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் இந்தியில் எழுதிக் கொடுத்தேன்: 'கசியும் காஸ் வெளியேறும் வழி. அடைத்தால் வெடிக்கும்.' எலிக்கு அவர் சொன்னதே சரியான கவலை. ஓட்டைக்குக் கம்பி வலை போட்டோம். மழைத் தண்ணீருக்கு மேடையின் அடித்தளத்தை வாட்டமாக வைத்தோம். அதுவும் அவர் யோசனைதான்.

கர்னலுக்குப் புருவம் முளைக்க ஆரம்பித்திருந்தது, கொஞ்சம் வெள்ளையாக. பேரன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ்திரி காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, மரியாதை குறையாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"இதைப் போன தடவையே எழுதியிருக்கலாமே, சாஹப்?"